குலுக்கிப் போட்ட இருக்கைகள்

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் உள்ள ஓபர்வோல்ஃபாக் கணித ஆய்வு நிறுவனத்துக்குப் போய் வந்தவர்கள், அங்கு கேட்ட உரைகளைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு உணவுக்கூடத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். 1944-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தில், ஏறத்தாழ ஐம்பது பேர் பங்குபெறும் ஒரு வாரப் பயிலரங்குகள் ஆண்டின் பெரும்பகுதி நடந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவரின் நாப்கினும் அவருடைய பெயர் எழுதிய உறையில் இருக்கும். சாப்பாட்டு வேளைக்கு முன்பு பணியாளர்கள் அந்த உறைகளைக் கலைத்து மேசைகளின் மேல் வைத்துவிடுவார்கள். உங்கள் பெயர் எங்கே கிடக்கிறதோ அங்கேதான் நீங்கள் உட்கார வேண்டும். உங்கள் ஆய்வு வழிகாட்டி ஒரு கோடியிலும், அவருடைய தேற்றத்தைப் பத்தாண்டுகளுக்கு முன்பு கடுமையாக விமர்சித்தவர் உங்களுக்கு நேர் எதிரிலும் அமர்ந்திருக்கக்கூடும்.

இந்த ஏற்பாட்டின் பலன் எவ்வளவு என்பதைக் கணக்கிடாமல் நிகழ்தகவுக்காரர்களால் சும்மா இருக்க முடியாது. வசதிக்காக 48 பேர், எட்டுப் பேர் அமரும் ஆறு மேசைகள், மொத்தம் பத்து வேளை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளையில் குறிப்பிட்ட ஒருவர் என் மேசைக்கு வராமல் போவதற்கான நிகழ்தகவு 47-இல் 40 பங்கு. பத்து வேளையிலும் அவர் வராமலே போவதற்கான நிகழ்தகவு, அந்தப் பின்னத்தைப் பத்து முறை பெருக்கினால் வருவது, அதாவது கிட்டத்தட்ட 0.2. ஆகவே மீதி 47 பேரில் சராசரியாக 37 அல்லது 38 பேருடன் நான் ஒரு வேளையாவது ஒரே மேசையில் அமர்ந்திருப்பேன். ஒருவர் என் மேசையில் இருப்பது இன்னொருவருக்கான இடத்தைக் குறைக்கிறதே, அதைக் கணக்கில் கொள்ளவில்லையே என்று யாரும் பதற வேண்டாம். எதிர்பார்ப்பு மதிப்புகளை, அதாவது சராசரியாக எதிர்பார்க்கும் அளவுகளை, கூட்டுவதற்கு நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டியதில்லை. அதே 48 பேரையும் விருப்பம்போல் உட்காரச் சொன்னால், முதல் வேளையில் அமைந்த ஏழு பேருடனேயே வாரம் முழுவதையும் கழித்துவிடுவோம் என்பதைச் சொல்ல எந்தத் தேற்றமும் வேண்டியதில்லை.

கடந்த சில ஆண்டுகளில் நிகழ்தகவு, புள்ளியியல் சார்ந்த மாநாடுகளுக்கும் பயிலரங்குகளுக்கும் போய்வந்த பின்பு என் மனத்தில் உறுதிப்பட்டிருக்கும் எண்ணம் ஒன்றுதான்: இந்தக் கூட்டங்களின் உண்மையான பயன், நிகழ்ச்சிநிரலில் அச்சிட முடியாத இடைவெளிகளில்தான் இருக்கிறது, ஆனால் ஏற்பாட்டாளர்கள் முதலில் கைவைப்பதும் அந்த இடைவெளிகளில்தான். இன்னும் நான்கு பேருக்கு உரை நிகழ்த்த வாய்ப்பளிக்க வேண்டும் என்றால் தேநீர் இடைவேளை அரைமணியிலிருந்து கால்மணியாகிறது, கேள்வி நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து இரண்டாகிறது. அவர்களையும் முற்றிலும் குறைசொல்ல முடியாது. உரை நிகழ்த்தினால்தான் பயணச் செலவைத் தருவோம் என்னும் விதி பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது என்னுடைய ஒரு தவற்றின் வழியாகத்தான். முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில், ஒரு பெரிய மாநாட்டின் இறுதி நாள் பிற்பகலில் எனக்கு இருபது நிமிடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்நேரத்தில் பாதிப்பேர் பெட்டியோடு விமான நிலையத்துக்குப் புறப்பட்டிருப்பார்கள். அறையில் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களில் மூவர் அதே அமர்வில் பேச வேண்டியவர்கள், ஒருவர் அமர்வுத் தலைவர். நான் எடுத்துக்கொண்ட பொருள், தரவுகளை இரண்டிரண்டாக இணைத்து எல்லா இணைகளின் மீதும் எடுக்கப்படும் சராசரிகள். 1948-இல் புள்ளியியலாளர் ஹாஃப்டிங் வகுத்த கோட்பாடு அது. தரவுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் நிலைக்கு அதை நீட்டித்து, தரவுகள் பெருகப் பெருக அந்தச் சராசரி நெருங்கும் எல்லைப் பரவலின் பரவற்படிக்கு, அதாவது மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கும் என்பதன் அளவுக்கு, ஒரு சூத்திரம் கண்டிருந்தேன். இருபது நிமிடத்துக்கு நாற்பத்து மூன்று ஸ்லைடுகள் வைத்திருந்தேன் என்பதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

எனக்கு முன்னால் பேச வேண்டியவருக்கு விசா கிடைக்காததால் அவர் வரவில்லை. நான் முடித்தபோது அமர்வுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கால்மணி நேரம் இருக்கிறது, நிதானமாகக் கேளுங்கள் என்றார். மூன்றாம் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், உரையின்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், மெல்லக் கையை உயர்த்தினார். "சார்பை எடுத்துவிடுங்கள். எல்லாம் சார்பற்ற தரவுகள், இயல்நிலைப் பரவல். இணைகளின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, பாதியாக்கி, சராசரி எடுங்கள். அது வேறொன்றுமில்லை, மாதிரியின் பரவற்படிதான். உங்கள் சூத்திரம் அதற்கு என்ன விடை தருகிறது?" என்று கேட்டார்.

புள்ளியியல் படித்த எவருக்கும் அதன் விடை தெரியும். மணி வடிவ வளைகோடாக வரையப்படும் இயல்நிலைப் பரவலிலிருந்து எடுத்த மாதிரியின் பரவற்படிக்கு, மாதிரி பெரிதாக இருக்கும்போது, அதற்கென இருக்கும் பரவற்படி என்பது திட்டவிலக்கத்தின் நான்காம் அடுக்கை இரண்டால் பெருக்கி மாதிரியின் அளவால் வகுத்தால் கிடைப்பது. நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன். என் சூத்திரத்தில் எல்லாவற்றையும் பொருத்தி, நான்காம் அடுக்கு விலக்கச் சராசரி திட்டவிலக்கத்தின் நான்காம் அடுக்கைப்போல் மூன்று மடங்கு வரும் என்பதையும் பயன்படுத்தி, வரிவரியாக எழுதிக்கொண்டே வந்தால், இரண்டு வர வேண்டிய இடத்தில் நான்கு வந்து நின்றது. மீண்டும் ஒருமுறை போட்டேன், மீண்டும் நான்கு. பெரியவர் எழுந்து வந்து, பலகையின் நடுவே இருந்த இரட்டைக் கூட்டலைக் காட்டி, இங்கே இணைகளை வரிசையோடு எண்ணியிருக்கிறீர்கள், மேலே வரிசை இல்லாமல் எண்ணியிருக்கிறீர்கள் என்று தணிந்த குரலில் சொன்னார். அவ்வளவுதான். ஒவ்வோர் இணையும் ஓரிடத்தில் இருமுறை எண்ணப்பட்டிருந்தது.

அந்தக் கட்டுரை அப்போது ஏழு மாதங்களாக ஓர் ஆய்விதழில் மதிப்பாய்வில் இருந்தது. வழிகாட்டியும் நானும் அதைப் பலமுறை படித்திருந்தோம். துறைக் கருத்தரங்கிலும் ஒருமுறை பேசியிருந்தேன். அங்கெல்லாம் சிக்காத பிழை, ஒருவர் வராததால் மிச்சமான கால்மணி நேரத்தில் சிக்கியது. வழக்கம்போல் இரண்டு நிமிடக் கேள்வி நேரம் மட்டும் இருந்திருந்தால், அமர்வுத் தலைவர் அதைத் தேநீர் வேளையில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பார். தேநீர் வேளையில் நான் அந்தப் பெரியவரைத் தேடிப் போயிருக்க மாட்டேன். தெரிந்த விடையுள்ள எளிய நிலையில் பொருத்திப் பார்க்காமல் இன்றுவரை நான் எந்தச் சூத்திரத்தையும் யாருக்கும் அனுப்புவதில்லை.

நேரம் தாராளமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் துறையின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. புள்ளியியலாளர் யெர்சி நெய்மன் 1945 முதல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்னும் கணக்கில் நடத்திய கூட்டங்கள் இன்றைய மாநாடுகளைப் போல் நான்கைந்து நாளில் முடிந்தவை அல்ல. நான்காவது கூட்டம் 1960 ஜூன் 20 அன்று தொடங்கி ஜூலை 30 வரை, ஏறக்குறைய ஆறு வாரங்கள், நடந்தது. அந்தக் கூட்டங்களின் தொகுதிகளைப் புரட்டினால், பாடநூல்களில் அத்தியாயங்களாகிவிட்டவை பலவும் அங்கேதான் முதலில் அச்சேறியிருக்கின்றன என்பது தெரியும். இயல்நிலைப் பரவலின் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சராசரிகளை ஒருசேர மதிப்பிடும்போது, அதனதன் மாதிரிச் சராசரியையே எடுத்துக்கொள்வதைவிட, மொத்த வர்க்கப் பிழையின் எதிர்பார்ப்பு எப்போதும் குறைவாக இருக்கும் வேறு மதிப்பீட்டு முறை உண்டு என்று சார்ல்ஸ் ஸ்டைன் காட்டியது, 1956-இல் வெளிவந்த மூன்றாவது கூட்டத்தின் தொகுதியில்தான். அந்த முறையை வெளிப்படையான சூத்திரமாக ஜேம்ஸும் ஸ்டைனும் தந்தது நான்காவது கூட்டத்தின் தொகுதியில். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று அளவுகளைச் சேர்த்து மதிப்பிட்டால் மொத்தத்தில் லாபம் என்பதை முதன்முறை கேட்கும் எவரும் நம்ப மறுப்பார்கள். நம்ப மறுப்பதற்கும் பிறகு மனம் மாறுவதற்கும் ஆறு வாரங்கள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இன்று புள்ளியியலில் மாநாட்டுத் தொகுதிகளுக்கு அந்த மதிப்பு இல்லை. முக்கியமானவை ஆய்விதழ்களுக்குப் போய்விடுகின்றன. எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களான இயந்திரக் கற்றல் துறையினரிடம் நிலைமை தலைகீழ். அங்கே மாநாட்டில் ஏற்கப்படுவதுதான் வெளியீடு. அதன் விலை என்ன என்பதை அவர்களே ஒருமுறை அளந்து பார்த்தார்கள். இப்போது நியூரிப்ஸ் எனப்படும் அவர்களுடைய பெரிய மாநாட்டில் 2014-இல் 166 கட்டுரைகளை ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். அவற்றில் 43 கட்டுரைகளுக்கு ஒரு குழு ஏற்பு என்றது, மற்றது நிராகரிப்பு என்றது. இரு குழுக்களும் கட்டுரையைப் படிக்காமலே, நூற்றுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்னும் ஏற்பு விகிதத்தில் குலுக்கல் முறையில் முடிவு செய்திருந்தால் ஏறத்தாழ 58 கட்டுரைகளில் முரண்பட்டிருப்பார்கள். ஆக, படித்ததால் கிடைத்த நன்மை 58-க்கும் 43-க்கும் உள்ள வித்தியாசம்தான். அந்தச் சோதனையை நடத்தி முடிவைப் பொதுவில் வைத்த துணிவை நான் மெச்சுகிறேன். எங்கள் ஆய்விதழ்கள் அப்படி ஒன்றை நடத்தினால் எண்கள் பெரிதாக மேம்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரிய மாநாடுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஆகஸ்டு வாக்கில் நடைபெறும் கூட்டுப் புள்ளியியல் மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து அறைகளுக்கு மேல் உரைகள் நடக்கின்றன. வேலை தேடுவோருக்கும் பழைய நண்பர்களைப் பார்க்க விரும்புவோருக்கும் அது தேவைதான். நிகழ்தகவு, புள்ளியியலுக்கான பன்னாட்டு அமைப்பான பெர்னூலி சங்கத்தின் உலக மாநாடு அதைவிடச் சிறியது. முதல் மாநாடு 1986-இல் தாஷ்கண்டில் நடந்தது. 2020-இல் சியோலில் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போய், 2021-இல் முழுக்க இணையவழியில் நடந்தது. இணையவழி உரைகளால், விசாவும் பயணச் செலவும் தடையாக இருந்தவர்கள் பலர் முதன்முறையாக உலக மாநாட்டில் பங்குபெற முடிந்தது என்பதை மறுக்கக் கூடாது. ஆனால் உரை முடிந்ததும் திரை அணைந்துவிடுகிறது. கதவருகே தயங்கி நின்று, இது முட்டாள்தனமான கேள்வியாக இருக்கலாம் என்று தொடங்கும் மாணவருக்கு அங்கே கதவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த வடிவம் கோடைப்பள்ளிதான். பிரான்சின் சான் ஃப்ளூர் என்னும் சிறு மலைநகரில் 1971 முதல் நடந்துவரும் நிகழ்தகவுக் கோடைப்பள்ளி இதற்கு முன்மாதிரி. மூன்று பேர் ஆளுக்கொரு நீண்ட பாடத்தொடரை நடத்துவார்கள்; அவை பின்னர் விரிவுரைக் குறிப்புகளாக நூலாகும். 2002-இல் பாடம் எடுத்தவர்கள் பிட்மன், சிரெல்சன், வெர்னர் ஆகிய மூவரும். சமதளத்தில் அமையும் சமவாய்ப்பு வளைகோடுகளைப் பற்றி அங்கே பாடம் நடத்திய வெர்னருக்கு, நான்காண்டுகள் கழித்து, கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. ஒரு பாடத்தொடரின் இரண்டாம் வாரத்தில் கேட்கப்படும் கேள்விகள், இருபது நிமிட உரைக்குப் பின்பு கேட்கப்படும் கேள்விகளைப் போல் இருப்பதில்லை. கேட்பவர் நேற்றிரவு அந்தத் துணைத்தேற்றத்தோடு மல்லுக்கட்டியிருப்பார். பேசுபவரும் நேற்று எழுதியதில் ஒரு நிபந்தனையை விட்டுவிட்டேன் என்று சொல்லித் தொடங்குவார். கரும்பலகையின் பெருமையும் இதுவே: ஸ்லைடில் நிரூபணம் முடிந்துபோன ஒன்றாகத் தெரியும், பலகையிலோ கை நிற்கும் இடத்தில் எல்லோரும் நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்த மாதம் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து முப்பத்தாறு பேருக்கு ஒரு சிறு பயிலரங்கை நடத்துகிறேன். நாளுக்கு நான்கு உரைகள், ஒவ்வொன்றின் பின்னும் அரைமணி நேரம் வெறுமையாக விட்டிருக்கிறோம். நிகழ்ச்சிநிரலைப் பார்த்த அலுவலர் இந்தக் கட்டங்களில் என்ன எழுதுவது என்று இருமுறை கேட்டுவிட்டார். மதிய உணவுக்கு ஆறு மேசைகள், ஆறாறு பேர், தினமும் குலுக்கல். நேற்று பங்கேற்பாளர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தன்னையும் தன்னுடன் சேர்ந்து கட்டுரை எழுதும் இருவரையும் ஐந்து நாளும் ஒரே மேசையில் அமர்த்த முடியுமா, கட்டுரையை முடிக்க வேண்டியிருக்கிறது என்று கேட்டிருந்தார். மூவரும் ஒரே மேசையில் அமைவதற்கான நிகழ்தகவு ஒரு நாளைக்கு 59-இல் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு என்று கணக்கிட்டு அனுப்பியிருக்கிறேன்.