செம்பவாங் நினைவுகளுக்கு மானியம் கேட்ட கதை

சிங்கப்பூரில் ஒரு சின்னத் தமிழ்க் குழு ஏதாவது செய்ய நினைத்தால், முதலில் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் சமூக மன்றத்து இந்தியர் நற்பணிச் செயற்குழுதான். இடம் கிடைக்கும், நாற்காலி கிடைக்கும், கூட்டமும் ஓரளவு சேரும். ஆனால் நாங்கள் நினைத்தது ஒருநாள் நிகழ்ச்சி அல்ல. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்து, அங்குள்ள குடியிருப்புகளிலேயே பிள்ளைகளை வளர்த்த தமிழ்க் குடும்பங்களின் நினைவுகளைப் பதிவுசெய்து சிறு நூலாகக் கொண்டுவர வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களே பெரியவர்களைப் பேட்டி எடுப்பார்கள். 1938இல் பிரிட்டிஷார் திறந்த தளம் அது. 1971இல் அவர்கள் படைகளைப் பெரும்பாலும் விலக்கிக்கொண்டுவிட்டார்கள். அங்கே கடைசிக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஆற அமரச் செய்யும் வேலை இல்லை.

பணத்துக்கு எங்கே போவது? கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் ஆஃப் சிங்கப்பூர் ஞாபகத்துக்கு வந்தது. 2008இல் தொடங்கியது. வசதியுள்ளவர்கள் அங்கே தங்கள் பெயரிலோ குடும்பப் பெயரிலோ நிதி வைக்கிறார்கள். எந்த நோக்கத்துக்கு என்று அவர்கள் சொல்ல, அதற்குத் தகுந்த அமைப்புகளுக்குப் பணம் போகிறது. அந்தப் பணம் பெரும்பாலும் போவது பதிவு பெற்ற அறநிறுவனங்களுக்கு. எங்களிடம் இருந்ததோ ஒரு வாட்ஸ்அப் குழுவும் சில நல்ல மனசுகளும். சங்கமாகப் பதிவு செய்யலாமே என்றார் ஒருவர். அதற்குக் குறைந்தது 10 பேர் வேண்டும், விதிமுறை எழுத வேண்டும், ஆண்டுக் கூட்டம் நடத்த வேண்டும். ஒரு நூலுக்காக ஒரு சங்கமா என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் கண்ணில் பட்டது அப்போது இருந்த நமது சிங்கப்பூர் நிதி. கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சு 2016இல் அறிமுகப்படுத்தியது. மக்கள் தாங்களாக முன்னெடுக்கும் திட்டங்களுக்கானது. ஏற்கத்தக்க செலவில் 80 விழுக்காடு வரை, அதிகபட்சம் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அப்போது கொடுத்தார்கள். எங்களுக்கு அதில் பாதி போதும்.

விண்ணப்பித்தது இணையவாசலில்தான். அரசின் மின்னடையாளமான சிங்பாஸில் நுழைந்து நிரப்புவது பெரிய வேலையில்லை. எங்களுக்கு நேரம் பிடித்தது, திட்டத்தை விவரிக்கும் பகுதி. குழுவில் இலக்கிய ஆர்வம் மிக்க அண்ணன் ஒருவர் வரைவு எழுதித் தந்தார். ஈராயிரம் ஆண்டுத் தொன்மை, கடல் கடந்த தமிழன், வேர்கள், விழுதுகள் எல்லாம் அதில் இருந்தன. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிதி கொடுப்பவர் தமிழரே இல்லாமல் இருக்கலாம். மொழி எவ்வளவு பழையது என்று அவர் கேட்கவே இல்லை. யார் பேட்டி எடுப்பார்கள், யார் பேசுவார்கள், அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், முடிந்த பிறகு எது மாறியிருக்கும் என்றுதான் கேட்கிறார். நம் குழுக்கள் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். மேடைப் பேச்சைப் படிவத்துக்குள் ஊற்றிவிடுகிறோம். அண்ணனுக்கு வருத்தம்தான். அந்தப் பக்கங்களை நூலின் முன்னுரைக்கு எடுத்துவைத்தோம். அங்கே பொருத்தமாகவே அமைந்தது.

மாற்றி எழுதியபோது பொத்தாம்பொதுவான சொற்களையெல்லாம் தூக்கிவிட்டோம். ‘சமூக ஒருங்கிணைப்பு’ என்பதற்குப் பதில், பாட்டி ஒருவர் கப்பல் பட்டறைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்துச் சமைத்ததை ஒரு பதினைந்து வயதுப் பையன் கேட்டு எழுதுவான் என்று எழுதினோம். படிப்பவருக்குக் காட்சி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

செலவுக் கணக்கு இன்னொரு கூத்து. அச்சுக்கு, ஒலிப்பதிவுக் கருவி வாடகைக்கு, வெளியீட்டு இடத்துக்கு எல்லாவற்றுக்கும் கொட்டேஷன் கேட்டோம். அச்சகக்காரர் ஒருவர் “எத்தனை பக்கம், எத்தனை படி, தாள் என்ன எடை?” என்று கேட்டபோது பதில் இல்லை. பேட்டியே எடுக்காமல் பக்க எண்ணிக்கை எப்படிச் சொல்வது? கடைசியில் பக்க வரம்பை நாங்களே முடிவு செய்து, அதற்குள் நூலை அடக்குவது என்று வைத்துக்கொண்டோம். பிறகு அது நல்லதாகவே போயிற்று. இல்லாவிட்டால் ஆளுக்கொரு அத்தியாயம் கேட்டிருப்பார்கள். மானியம் போக மீதியை யார் தருவது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எங்கள் காலத்தில் மொத்தச் செலவு 10,000 வெள்ளி என்றால் குறைந்தது 2,000 குழுவின் பொறுப்பாக இருந்தது. “பார்த்துக்கலாம்” என்று விட்டால் கடைசியில் ஒரே ஆள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

விண்ணப்பம் போன பிறகு அதிகாரியிடமிருந்து கேள்விகள் வந்தன. அதில் ஒன்று நாங்கள் எதிர்பாராதது: இது சமயம் சார்ந்த திட்டமா? செம்பவாங் தமிழர் பேச்சில் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோவில் வராமல் இருக்காது. தளத்துக்கு அருகே ஒரு மரத்தடியில் தொடங்கி, இப்போது ஈசூனில் இருக்கும் கோவில். பங்குனி உத்திரத்தைத் தவிர்த்துவிட்டு அந்த மனிதர்களின் வாழ்க்கையை எழுத முடியாது. கோவில் அவர்கள் நினைவில் வரும், வழிபாட்டுக்கு ஒரு வெள்ளியும் செலவிட மாட்டோம் என்று விளக்கினோம். ஏற்றுக்கொண்டார்கள். கேள்வி வந்தால் பயப்பட வேண்டாம்; மறுக்க நினைப்பவர் இவ்வளவு கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

ஒப்புதல் படிவத்தையும் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் வைத்து, குரலையும் படங்களையும் பயன்படுத்தப் பெரியவர்களிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கினோம். தமிழிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டோம். சில தாத்தாக்கள் படிக்காமலே கையெழுத்துப் போட வந்தார்கள். ஒரு பாட்டி மட்டும் மகளை வரவழைத்து, வரி வரியாகப் படிக்கச் சொல்லி, ஒரு பழைய புகைப்படத்தை விலக்கச் சொன்னார். விலக்கினோம்.

பணம் மொத்தமாகக் கைக்கு வரும் என்று எண்ண வேண்டாம். எங்களுக்கு ஒரு பகுதி, அறிக்கையும் ரசீதுகளும் கொடுத்த பிறகே வந்தது. அதுவரை அச்சகத்துக்குக் குழுவில் ஒருவர் கையிலிருந்து போட்டார். ரசீதுகளை அன்றன்றே படம் எடுத்து ஒரு கோப்பில் போட்டிருந்ததால் அறிக்கை எழுதுவது சுலபமாக இருந்தது. மாணவர்களின் கருத்துகளையும் வேலை நடக்கும்போதே வாங்கிவிடுங்கள். தேர்வு நேரம் வந்துவிட்டால் யாரும் பதில் போட மாட்டார்கள்.

நூல் வெளிவந்ததும் இரண்டு குடும்பங்கள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டன, எங்கள் அப்பாவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று. அவர்கள் பெயர்களைக் குறித்துவைத்திருக்கிறோம். இரண்டாம் பாகத்துக்கு யார் விண்ணப்பம் எழுதுவது என்பதுதான் இப்போது வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் பேச்சு.