உடைவது இக்கரையிலேயே உடையட்டும்

ஜனவரி 4, ராமநாதபுரம்

இலங்கைச் சைக்கிள் பயணத்துக்குப் பாதை முடிவாகிவிட்டது. யாழ்ப்பாணம், பூநகரி, மன்னார், மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு. வடக்கிலிருந்து தெற்கு என்ற திசையை முடிவுசெய்தது வாடைக்காற்றுதான். தை, மாசியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். வடக்கே இறங்கித் தெற்கே மிதித்தால் முதுகைத் தள்ளும். அதே பாதையைக் கொழும்புப் பக்கமிருந்து தொடங்கினால் முகத்தில் அறையும். சுமையோடு மணிக்கு 18 கி.மீ. போகும் சைக்கிள் 12-க்கு இறங்கிவிடும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குள் முடிய வேண்டிய 80 கி.மீ., உச்சி வெயில் தாண்டியும் முடியாது. வைகாசிக்கு மேல் மேற்கு, தெற்குப் பக்கக் காற்றுகளான கச்சானும் சோழகமும் ஏறினால் கணக்கு தலைகீழ்.

கண்டி, நுவரெலியா பக்கம் இந்த முறை வேண்டாம். தனியாகப் போகும் முதல் வெளிநாட்டுப் பயணத்தில் ஏற்றம், மழை, மொழி மூன்றையும் ஒன்றாகத் தலையில் சுமக்கக் கூடாது. வடக்கும் வடமேற்கும் சமதரை. பாதித் தூரத்துக்கு மேல் தமிழே போதும். வண்டிகள் நம் ஊர் போலவே இடப்பக்கம் ஓடும். பெண் சைக்கிள் மிதிப்பது யாழ்ப்பாணத்தில் அன்றாடக் காட்சி. யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

ஜனவரி 7

கடலைத் தாண்டும் வழி. 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். இன்று இந்தக் கரையிலிருந்து நேர்வழி கிடையாது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது; வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுகிறார்கள். தை மாதத் திட்டத்தை அதை நம்பிப் போடக் கூடாது. போவது விமானம். யாழ்ப்பாணத்துக்குப் பறப்பது சிறு விசிறி விமானம், அதன் சரக்கறை வாயிலும் சிறிது. டிக்கெட் எடுக்குமுன் பெட்டியின் நீளம், அகலம், உயரம், எடை நான்கையும் எழுதி அனுப்பி, “ஏற்றுவோம்” என்ற பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். தொலைபேசியில் சொன்ன ‘சரி’ கவுன்டரில் செல்லாது. திரும்புவது கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து மதுரைக்கு.

ஜனவரி 11

இன்று முழுக்க இருக்கை. முதல் பயணங்களைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் காலல்ல, இருக்கைதான். பெண்களின் இடுப்பெலும்பு அகலம் கூடுதலாக இருக்கும். கடையில் வண்டியோடு வரும் இருக்கை அதற்கு ஏற்றதாக அமைவது அபூர்வம். அளக்க ஒரு வழி: நெளிவு அட்டைத் துண்டைக் கெட்டியான ஸ்டூலில் போட்டு, முன்னால் சாய்ந்து இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். அட்டையில் இரண்டு குழி விழும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு எத்தனை மில்லிமீட்டரோ அதோடு 20 முதல் 25 கூட்டினால் இருக்கையின் அகலம். குழிகளுக்கு நடுவே 125 என்றால் 145–150 இருக்கை. மெத்தை தடிமனாக இருந்தால் சுகம் என்பது தவறு: எலும்பு உள்ளே புதைந்து, நடுப்பகுதி மேலே எழும்பி அழுத்தும். நடுவில் பள்ளம் உள்ள, கெட்டியான இருக்கையே நல்லது. இருக்கையின் முன்முனையை ஓரிரு பாகைக்கு மேல் தாழ்த்தினால் உடல் முன்னே சறுக்கி, உள்ளங்கை மரத்துப்போகும்.

பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை கூடாது. தையல் உரசிப் புண்ணாகும். தொடை இடுக்கில் வாசலின். மேலே தளர்வான முழுக்கால் உடை, வலது கணுக்காலில் பட்டை. துப்பட்டா வண்டியில் இருக்கும்போது பைக்குள்தான். சக்கரத்தில் மாட்டினால் கழுத்து போய்விடும்.

ஜனவரி 18, ராமேஸ்வரம்

சோதனை ஓட்டம், முழுச் சுமையோடு. ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாக ராமேஸ்வரம். அப்படியே அரிச்சல்முனை போய் ராமேஸ்வரம் திரும்பினால் ஏறக்குறைய 100 கி.மீ. யாழ்ப்பாணம் – மன்னார் தூரமும் நூறுக்குச் சற்று மேல்தான். அந்த நாளுக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடைக்காது. இதே காற்று, உப்பு, மணல், நிழலில்லாத சாலை.

பாம்பன் பாலத்தில் பாடம் ஒன்று. கிழக்கே போகும்போது இடப்பக்கம் போகிறோம், காற்றும் இடமிருந்து வருகிறது. அது வலப்பக்கம், அதாவது முந்தும் பஸ்ஸை நோக்கித் தள்ளும். பை பாய்மரம் போல் காற்றைப் பிடிக்கும். பின்னால் ஹாரன் கேட்டதும் வேகத்தைக் குறைத்து, இரு கையாலும் ஹேண்டில்பாரின் ஓரத்தைப் பிடித்து, பார்வையைத் தூரத்தில் வைக்க வேண்டும். திரும்பி வரும்போது வேறு தொல்லை. முந்தும் பஸ் சில நொடி காற்றை மறைக்கும். அது கடந்ததும் காற்று திடீரென்று மோதிக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் தள்ளும். கனமானவற்றைப் பையின் அடியில் வைத்தால் ஆட்டம் பாதி குறைகிறது. கூடாரம் வேண்டாம் என்று வைத்தது சரியான முடிவு. மொத்தச் சுமை 9 கிலோவுக்குள் நிற்கிறது.

அரிச்சல்முனையில் கைபேசி தானாக இலங்கை கோபுரத்தைப் பிடிக்கும். ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வைக் கையால் வைக்காவிட்டால் கட்டணம் ஏறும்.

ஜனவரி 20

ஓட்டத்தில் கெட்டவை. இதற்காகத்தான் ஓட்டமே.

கேரியரைப் பிடிக்கும் இரண்டு 5 மி.மீ. திருகில் ஒன்று பாதி கழன்றிருந்தது. சுமை அதிர்வில் இது நடந்தே தீரும். திருகைக் கழற்றித் துடைத்து, மரையில் திருகுப்பிடிப்புப் பசை ஒரு சொட்டு விட்டு மறுபடி இறுக்கியாயிற்று. இனி தினமும் காலையில் கையால் ஆட்டிப் பார்ப்பது.

செயினில் மணல். மொறுமொறு என்று சத்தம் கேட்கும்போதே பல் தேய்கிறது. அதன் மேலேயே எண்ணெய் ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. எண்ணெயும் மணலும் சேர்ந்தால் உப்புத்தாள். முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் அரை மணி காயவிட்டு, ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சொட்டு. பத்து நிமிடம் பின்புறமாகச் சுற்றி, வெளியே நிற்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். உள்ளே இருப்பதுதான் வேலை செய்யும், வெளியே இருப்பது மணலைக் கூப்பிடும்.

பஞ்சர் இரண்டு, இரண்டும் சீமைக்கருவேல முள். ஒரே துளையில் மறுபடி காற்று போவதற்குக் காரணம் பெரும்பாலும் டியூப் அல்ல: முள்ளின் நுனி டயருக்குள்ளேயே முறிந்து நிற்கும். விரலால் தடவினால் தெரியாது, விரலும் கிழியும். டயரின் உட்புறத்தில் பஞ்சைத் தேய்த்துக்கொண்டே போனால் முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். ஒட்டும்போது உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, ஐந்து நிமிடம் பொறுத்து, விரல் தொட்டால் ஈரம் ஒட்டாத நிலையில் பேட்ச்சை அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் வெயிலில் வழுக்கி நகரும். திறந்த சொல்யூஷன் டியூப் சில நாளில் காய்ந்து கல்லாகிவிடும். திறக்காத சிறியது இரண்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

வால்வையும் மாற்றியாயிற்று. மெல்லிய வால்வுக்குக் கிராமத்துக் கடை பம்பு பொருந்தாது, இக்கரையிலும் அக்கரையிலும். மோட்டார் சைக்கிள் வால்வு உள்ள டியூப் என்றால் பெட்ரோல் பங்க்கிலும் காற்று பிடிக்கலாம். ரிம் துளை சிறிதாக இருந்தால் கடையில் 8.5 மி.மீ.க்கு விரித்துத் தருவார்கள். ஓரத்தை அரத்தால் மழுக்காவிட்டால் அதுவே டியூபை அறுக்கும். 35 மி.மீ. டயர், பின்னால் 65, முன்னால் 50 பவுண்டு காற்று.

ஜனவரி 24

உதிரிகள்: டியூப் இரண்டு, பேட்ச் எட்டு, டயர் நெம்பி மூன்று, செயின் இணைப்புக் கணு இரண்டு, பிரேக் கம்பி ஒன்று, கியர் கம்பி ஒன்று, பிரேக் கட்டை ஒரு ஜோடி, 5 மி.மீ. திருகு நான்கு, பிளாஸ்டிக் கட்டுப்பட்டை பத்து. ஸ்போக்ஸ் மூன்று. இதில்தான் பலரும் ஏமாறுவது: முன் சக்கரம், பின் சக்கரத்தின் இடம், வலம் மூன்றுக்கும் நீளம் வேறு. உடைவது பெரும்பாலும் பின் சக்கரத்தில், கம்பி வளையும் கழுத்தில். வலப்பக்கக் கம்பியை மாற்றக் கியர் பற்சக்கரக் கொத்தைக் கழற்ற வேண்டும், அதற்கான சிறு கருவியும் பையில் வேண்டும். கம்பி கையில் இருந்து கருவி இல்லையென்றால் கம்பி வெறும் இரும்பு.

பெடலையும் இருக்கைக் கம்பியையும் இன்றே கழற்றி, கிரீஸ் தடவி மாட்டியாயிற்று. இந்தக் கரையின் உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பும் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். பெட்டி கட்டும் நாளில் கழலவில்லை என்றால் பயணமே நிற்கும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும்.

ஜனவரி 29

காகிதங்கள். கடவுச்சீட்டு போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்ல வேண்டும். மின்னணு நுழைவு அனுமதியை இலங்கை அரசின் தளத்தில் மட்டும். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் இடைத்தரகுத் தளங்கள் பல இருக்கின்றன. காப்பீட்டில் சைக்கிள் பயணம் அடங்கும் என்ற வரி இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பெடல் அச்சுக்குக் கீழே வெட்டியிருக்கும் சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேம்) எண்ணைப் படம் எடுத்து, வாங்கிய ரசீதின் நகலோடு வைத்தாயிற்று. திரும்பும்போது சுங்கத்தில் கேட்டால் காட்ட.

யுபிஐ 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் சில கடைகளில் செல்லும். சாலையோரத் தேநீர்க் கடைக்கு ரொக்கம்தான். இரண்டு இடத்தில் பிரித்து வைக்க வேண்டும்.

எண்கள்: போலீஸ் 119, ஆம்புலன்ஸ் 1990, பெண்களுக்கான உதவி 1938. கைபேசியில் மட்டுமல்ல, காகிதத்திலும். இந்தியத் துணைத் தூதரகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

பிப்ரவரி 3

எழுதத் தயங்குவார்கள், அதனாலேயே முழுதாக எழுத வேண்டும்: சிறுநீர். வழியில் இடம் கிடைக்காது என்று பயந்து தண்ணீரைக் குறைப்பதுதான் பெண்கள் செய்யும் பெரிய தவறு. மதியத்துக்குள் தலைவலி, மாலையில் எரிச்சல், மறுநாள் தொற்று. பூநகரி – மன்னார்ச் சாலையில் கடைகள் அரிது. நான்கு லிட்டர் தண்ணீர், இரண்டு பொட்டலம் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொடி. பெட்ரோல் ஷெட் (அங்கே அப்படித்தான் கேட்க வேண்டும்), கோயில், மாதா கோயில், பள்ளிக்கூடம் எது வந்தாலும் அவசரம் இல்லாவிட்டாலும் போய்வருவது. புதருக்குள் இறங்கவே கூடாது. வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இல்லாத இடம் பத்திரம் என்று பொருளல்ல. வேறு வழியே இல்லையென்றால் தார் ஓரத்திலேயே, சைக்கிளைச் சாய்த்து, மழை அங்கியை விரித்து மறைத்து.

மாதவிடாய் நாள் தள்ளி வரும் என்று கணக்குப் போட வேண்டாம்; உழைப்பிலும் வெயிலிலும் முன்னேயும் வரும். ஒரு முழுச் சுற்றுக்கான நாப்கினை இங்கிருந்தே கொண்டுபோவது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் இருக்கை உரசலில் தோல் போய்விடும்.

தங்குமிடம் தரைத்தளத்தில், சைக்கிள் அறைக்குள் வர வேண்டும். மாலை நான்குக்குள் போய்ச் சேர வேண்டும். பிடிக்காவிட்டால் வேறிடம் தேட வெளிச்சம் மிச்சம் இருக்கும். கதவடியில் செருக ரப்பர் ஆப்பு ஒன்று, 50 கிராம் கூட இல்லை. ‘இன்றிரவு எங்கே?’ என்று வழியில் கேட்டால் “முன்னால போற ஆக்களோட சேரப் போறன்” போதும். வீட்டுக்கு நாளுக்கு மூன்று செய்தி: கிளம்பியது, பாதி, சேர்ந்தது. மூன்றாவது வராமல் இரண்டு மணி நேரம் ஆனால் யார் யாரை அழைப்பது என்பதையும் எழுதிக் கொடுத்தாயிற்று. படமோ குறிப்போ அந்த ஊரை விட்டுக் கிளம்பிய பிறகே போட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் “பிள்ளை”, “தங்கச்சி” என்பார்கள். பதிலுக்கு “அண்ணை”, “அம்மா”. மதவாச்சிக்குப் பிறகு சிங்களம். அங்கும் அக்கா அக்காதான், அம்மா அம்மாதான். தண்ணீர் ‘வதுர’, எவ்வளவு ‘கீயத’.

பிப்ரவரி 6

யானை. மன்னார் – மதவாச்சி, அனுராதபுரம் – புத்தளம் இரண்டு சாலையிலும் காலை ஏழுக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் சைக்கிள் கூடாது. சாலையில் நின்றால் நூறு மீட்டருக்கு இப்பாலே இறங்கி, பேசாமல் நின்று, பஸ்ஸோ லாரியோ வந்ததும் அதை ஒட்டிக் கடக்க வேண்டும். மன்னாரிலிருந்து புத்தளத்துக்குக் கரையோரமாகக் குறுக்கு வழி வரைபடத்தில் தெரியும். அது வில்பத்து தேசியப் பூங்காவுக்குள் போகிறது. யானையும் சிறுத்தையும் உள்ள காடு. அனுராதபுரம் சுற்றித்தான் போக வேண்டும்.

நாய் துரத்தினால் வேகம் கூட்டாமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடப்பது. கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசி. மலேரியா இல்லை என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. டெங்கு உண்டு, கொசு பகலில் கடிக்கும்.

பிப்ரவரி 10

பெட்டி. சைக்கிள் கடையில் புது வண்டி வந்த அட்டைப்பெட்டியைச் சும்மாவே தருவார்கள். வரிசை முக்கியம்: பெடல் இரண்டும், பிறகு முன் சக்கரம், ஹேண்டில்பாரைத் திருப்பிச் சட்டத்தோடு கட்டு, இருக்கையை இறக்கு. முன் ஃபோர்க்கின் இரு முனைக்கு நடுவே மரத்துண்டு. இல்லாவிட்டால் மேலே பெட்டி விழும்போது நசுங்கும். பின் கியர் மாற்றியைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டத்துக்குள் கட்ட வேண்டும். வெளியே நீட்டி நின்றால் முதலில் வளைவது அதுதான். வட்டு பிரேக் என்றால் கட்டைகளுக்கு நடுவே மடித்த அட்டை. சிறு திருகெல்லாம் ஒரு உறையில் போட்டுச் சட்டத்தோடு ஒட்டியாயிற்று. பெட்டி கிழிந்தால் முதலில் தொலைவது அவை. கருவிகள் பெட்டிக்குள், பவர் பேங்க் கைப்பையில். எடை 17 கிலோ.

கழற்றுவதற்கு முன் இருக்கை உயரத்திலும் ஹேண்டில்பார் சாய்விலும் பெயின்ட் கோடு போட்டாயிற்று. இல்லாவிட்டால் பொருத்தும்போது ஒரு சென்டிமீட்டர் தப்பி, மூன்றாம் நாள் முழங்கால் வலிக்கும்.

பொருத்திப் பார்க்க யாழ்ப்பாணத்தில் ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறது. அன்று நல்லூர் வரை போய்வந்தால் போதும், பை இல்லாமல் ஒருமுறை, பையோடு ஒருமுறை. இனி மிச்சம் திரும்பும் பெட்டி. இந்த அட்டைப்பெட்டியை மிதிக்கும்போது சுமக்க முடியாது, கட்டுநாயக்காவில் வாங்கவும் முடியாது. சிலாபத்தில் தங்கும் அன்றே நீர்கொழும்புச் சைக்கிள் கடைகளுக்குப் பேசி ஒரு பெட்டி எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். எண்களை இன்று இரவு தேடணும்.