இரவு 12.40-க்கு இறங்கும் விமானம்

கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே வந்தபோது, பெயர்ப் பலகைகளோடு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன். எங்கள் பெயர் எதிலும் இல்லை. மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா டிராலியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி இரவு ஒன்றரை.

என்ன நடந்தது என்று புரிய கால் மணி நேரம் ஆனது. வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி, 12.40-க்கு இறங்குகிற விமானம். காரை முன்பதிவு செய்தபோது தேதியில் வெள்ளி என்றே போட்டிருந்தேன். நள்ளிரவு தாண்டினால் நாள் மாறும் என்பது தெரியாதவர் யாருமில்லை. ஆனால் டிக்கெட்டில் வெள்ளி, வெள்ளி என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது படவில்லை. டிரைவர் ஒரு நாள் முன்னதாகவே வந்து, காத்திருந்து, திரும்பிப் போயிருந்தார்.

அந்தப் படிவத்தில் விமான எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. கட்டாயமில்லை என்று இருந்ததால் காலியாக விட்டிருந்தேன். எண் இருந்திருந்தால், இந்த நாளில் இந்த நேரத்துக்கு அது வரவில்லையே என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கக்கூடும். அன்றிலிருந்து எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட அந்தக் கட்டம்தான் முக்கியம்.

விமானங்கள் பறக்கும்போது தாங்கள் இருக்கும் இடத்தை ரேடியோ அலையில் அறிவித்துக்கொண்டே வருகின்றன. அதை வாங்கித்தான் விமானங்களைப் பின்தொடரும் செயலிகள் வரைபடத்தில் காட்டுகின்றன. எண் கையில் இருந்தால் டிரைவர் அதைப் பார்த்துக் கிளம்பலாம், விமானம் முன்னதாக வந்தாலும் தாமதமாக வந்தாலும். காத்திருப்பு நேரமும் இதைப் பொறுத்ததுதான். பல நிறுவனங்கள் 45 அல்லது 60 நிமிடம் இலவசமாகக் காத்திருக்கும். அதை விமானம் தரையிறங்கியதிலிருந்து கணக்கிடுகிறார்களா, நாம் குறித்த நேரத்திலிருந்தா என்று பார்த்துவிடுங்கள். இமிகிரேஷன் வரிசையும் பெட்டிக்கான காத்திருப்புமே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

எந்த எண்ணைக் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஒரே விமானத்தை இரண்டு மூன்று நிறுவனங்கள் தத்தம் எண்ணில் விற்பதுண்டு. விமானத்தை உண்மையில் இயக்கும் நிறுவனத்தின் பெயர் டிக்கெட்டில் சிறிய எழுத்தில் இருக்கும், அந்த நிறுவனத்தின் எண்ணைக் கொடுங்கள். நடுவில் விமானம் மாறுகிறீர்கள் என்றால், கடைசியாக ஏறும் விமானத்தின் எண்.

சரி, கார் வந்துவிட்டது. எங்கே போவது? ஹோட்டல் என்றால் பெயரைச் சொன்னால் போதும். தங்கும் வீடு அப்படியல்ல. வாசலில் வரவேற்பறை கிடையாது, பெயர்ப் பலகைகூட இருக்காது. வாடகை வீடுகளைக் காட்டும் தளங்கள் பலவற்றில், முன்பதிவு உறுதியாகும் வரை வரைபடத்தில் தோராயமான இடத்தைத்தான் காட்டுவார்கள். அப்போது எடுத்து வைத்த லொகேஷனை அப்படியே டிரைவருக்கு அனுப்பினால் வேறு தெருவில் நிற்க வேண்டியதுதான். பணம் கட்டியபின் வீட்டுக்காரரிடம் சரியான லொகேஷன், கதவின் புகைப்படம், சாவி எங்கே என்ற விவரம், அந்த நேரத்தில் எடுக்கக்கூடிய தொலைபேசி எண், இவ்வளவையும் கேட்டு வாங்கிவிடுகிறேன். நமக்கு இணையம் கிடைக்காமல் போகலாம் என்பதால் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான்கு பேர் உட்காரும் காரில் நான்கு பேரின் பெட்டிகள் ஏறாது. பெரிய பெட்டி இரண்டு வைத்தாலே டிக்கி நிறைந்துவிடும். எத்தனை பெட்டி, எவ்வளவு பெரியது என்று எழுதுங்கள். மடக்கும் தள்ளுவண்டியும் அந்தக் கணக்கில் சேரும். குழந்தை இருக்கை கேட்கும்போது வயதோடு உயரத்தையும் எடையையும் சொல்லுங்கள். ஐரோப்பாவில் புதிய வகை இருக்கைகளை உயரம் வைத்தே பிரிக்கிறார்கள், அவற்றில் 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும்.

அடுத்த பயணத்தில் இதெல்லாம் செய்தேன். விமானம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாமதம். போனை ஆன் செய்ததும் டிரைவரின் செய்தி வந்திருந்தது: "நீங்கள் இறங்கிவிட்டதைப் பார்த்தேன். அவசரப்படாமல் வாருங்கள்." படித்துக் காட்டியதும் அம்மா கைப்பையை மடியில் வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் ஒரு பலகையில் எங்கள் பெயர் இருந்தது. வீட்டு வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்த பிறகும் டிரைவர் கிளம்பவில்லை. பூட்டில் சாவி திரும்பி, உள்ளே விளக்கு எரியும் வரை காரின் முன்விளக்கைக் கதவின் மேல் காட்டியபடி நின்றிருந்தார்.