டேங்க் ஓரத்தில் இருக்கும் இரண்டு அங்குல ரப்பர்

பழைய காரில் பெட்ரோல் குழாய் கெட்டால் சொட்டும், வாடை அடிக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டர் உள்ள பழைய வண்டிகளைப் பொறுத்தவரை இது பாதிதான் உண்மை. பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் பெட்ரோல் தள்ளப்பட்டுச் செல்வதால், அந்தப் பகுதியில் விரிசல் விழுந்தால் வெளியே கசியும். டேங்கிலிருந்து பம்பு வரையுள்ள நீண்ட பகுதியிலோ பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அங்கே மயிரிழை விரிசல் விழுந்தாலும் வண்டி ஓடும்போது காற்று உள்ளே புகுமே தவிர, தரையில் ஒரு சொட்டும் விழாமல் போகலாம். அதனால் குற்றம் குழாயில் இருக்க, பழி கார்பரேட்டர் மேல் விழுகிறது.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய கார்பரேட்டர் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி. தர்மபுரி ஊருக்குள்ளும் பென்னாகரம் சாலையிலும் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாது. சேலத்திலிருந்து திரும்பும் வழியில் தொப்பூர் கணவாய் ஏற்றத்தைத் தொட்டதும், மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த வண்டி இழுவையை இழந்து திக்கத் தொடங்கும். பின்னால் லாரிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும் அந்தச் சாலையில் இது சிறிய பிரச்சினை அல்ல. ஓரம் கட்டி, சற்று நேரம் கழித்துக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஒரு பட்டறையில் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதிய கேஸ்கட்டும் போட்டுக் கொடுத்தார்கள். ஏற்றத்தில் குறை அப்படியே இருந்தது.

இதற்குக் காரணம் எளிமையானது. சமதரையில் எஞ்சினுக்குத் தேவைப்படும் பெட்ரோல் குறைவு. கொஞ்சம் காற்று கலந்து வந்தாலும் கார்பரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் இருப்பு சமாளித்துவிடும். ஏற்றத்தில் தேவை பல மடங்கு கூடுகிறது. அதே நேரத்தில் வண்டியின் முன்பக்கம் உயர்ந்து, பின்னால் இருக்கும் டேங்க் தாழ்ந்துவிடுவதால், பம்பு இன்னும் ஆழத்திலிருந்து உறிஞ்ச வேண்டியிருக்கிறது. உறிஞ்சும் விசை கூடக்கூட விரிசல் வழியே காற்றும் கூடுதலாக நுழைகிறது. கிண்ணம் வற்றியதும் எஞ்சின் தடுமாறுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் சூடேறிய குழாய்க்குள் பெட்ரோலே ஆவியாகி இதைவிட மோசமாக்கும்.

கிருஷ்ணகிரியில் பழைய வண்டிகளையே அதிகம் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனபோது, அவர் கார்பரேட்டரைத் தொடவே இல்லை. பம்பின் உறிஞ்சும் முனையில் ஒளி ஊடுருவும் சிறு குழாய்த் துண்டு ஒன்றைச் சோதனைக்காக மட்டும் மாட்டி, எஞ்சினை வேகப்படுத்திக் காட்டினார். பெட்ரோலோடு நுரை நுரையாகக் குமிழிகள் ஓடின. “கார்பரேட்டர்ல ஒண்ணும் இல்லீங்க சார், பின்னாடி எங்கயோ காத்து இழுக்குது” என்றார்.

அந்த இடம் டேங்கிலிருந்து வரும் முனையையும் வண்டியின் அடிப்பக்கம் முழுதும் ஓடும் இரும்புக் குழாயையும் இணைக்கும் சிறு ரப்பர்த் துண்டு. சுமார் இரண்டு அங்குலம் இருக்கும். மேலே செம்மண் படிந்து, பார்வைக்கு முழுதாகத்தான் இருந்தது. துடைத்துவிட்டு வளைத்தபோதுதான் அதன் முதுகில் வறண்ட ஏரித் தரையைப் போல வெடிப்புகள் திறந்தன. குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப் இருந்த இடத்தில் ரப்பர் பள்ளம் விழுந்து கல்லாக இறுகியிருந்தது. உட்புறத்தை விரலால் தேய்த்தால் கரிய பொடி உதிர்ந்தது. பில்டரில் அவ்வப்போது தென்பட்ட கரும்பொடி எங்கிருந்து வந்தது என்பதும் அப்போது விளங்கிற்று.

வயது மட்டும் இதற்குக் காரணம் அல்ல. நாட்டில் பெட்ரோலுடன் கலக்கும் எத்தனாலின் அளவு 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதக் கலவை 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்து ரப்பர் இந்தக் கலவையில் ஊறி உப்புகிறது, அதை மென்மையாக வைத்திருக்கும் சேர்மானங்களையும் சிறிது சிறிதாக இழக்கிறது. பிறகு வண்டி நாள்கணக்கில் நின்று குழாய் உலரும்போது சுருங்கி வெடிக்கிறது. ஆகவே, தினமும் ஓடும் வண்டியைவிட ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கப்படும் வண்டியின் குழாயைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால் இரும்புக் குழாய்க்கும் டேங்குக்கும் துருவின் அபாயம் உண்டு.

ஒரு துண்டு கெட்டிருந்தால், அதே வயதுடைய மற்ற ரப்பர்களையும் சேர்த்து மாற்றிவிடுவதே சரி. டேங்க் ஓரம், பில்டரின் இருபுறம், பம்பு, கார்பரேட்டர், மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிச் செல்லும் குழாயின் இணைப்புகள் என எல்லாம் சேர்ந்தும் சில அடிகளுக்கு மேல் வராது. கடைக்குப் போகும்போது பழைய துண்டை எடுத்துச் சென்று உள் விட்டத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டும். குழாயின் மேல் 30ஆர்7 என்று அச்சிட்டிருந்தால் அது கார்பரேட்டர் வண்டிகளின் குறைந்த அழுத்தத்துக்கானது. 30ஆர்9 என்பது கார்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இஞ்செக்‌ஷன் வண்டிகளின் அழுத்தத்தைத் தாங்குவது, உள்ளே எத்தனாலுக்கு அசையாத பூச்சும் உடையது. விலை கூடுதல் என்றாலும் கார்பரேட்டர் வண்டிக்கும் நான் ஆர்9 வகையையே வாங்கினேன். தண்ணீர்க் குழாயையோ மீன்தொட்டிக் குழாயையோ நிரந்தரமாக மாட்டி வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். அது சூட்டில் இளகி, பிறகு விறைத்து, சூடான எஞ்சின் மேலேயே கழன்றுவிடக்கூடும்.

வேலை சிறியதுதான், ஆனால் அதற்கான மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். எனவே வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தாமல் திறந்தவெளியில், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுச் செய்தோம். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தது. கம்பியில் தொங்கும் பல்புக்குப் பதிலாக டார்ச். கை எட்டும் தூரத்தில் உலர்பொடித் தீயணைப்பான். பழைய ரப்பரை முறுக்கி இழுக்கக் கூடாது. துருவேறிய டேங்க் முனை ஒடிந்துவிட்டால் டேங்கையே இறக்க நேரிடும். மெக்கானிக் பிளேடால் நீளவாக்கில், உலோகத்தில் கீறல் விழாதபடி மெல்லக் கிழித்து, தோலை உரிப்பது போல எடுத்தார். அந்த நிதானத்துக்காகவே அவரிடம் திரும்பப் போகலாம்.

புதிய குழாயை முனையின் புடைப்பைத் தாண்டி நன்றாக உள்ளே தள்ளி, கிளாம்பைப் புடைப்புக்குப் பின்னால் இறுக்க வேண்டும். வெட்டுப்பற்கள் உள்ள மலிவான கிளாம்ப் ரப்பரை அறுத்துவிடும். ஓரம் மடித்த கிளாம்ப் அப்படிச் செய்யாது. இரும்புக் குழாயையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. வண்டியின் அடியில் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில்தான் சேறு தங்கித் துரு பிடிக்கும். சுரண்டும்போது செதில் செதிலாக உதிர்ந்தால் அந்தக் குழாயை முழுதாக மாற்ற வேண்டும். நடுவில் வெட்டி நீளமான ரப்பரால் ஒட்டுப்போடுவதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் வண்டியில் மேல் துரு மட்டுமே இருந்ததால் தேய்த்துப் பெயின்ட் அடித்தோம்.

இஞ்செக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் இதே வேலையை நேரடியாகத் தொடங்கிவிடக் கூடாது. எஞ்சின் நின்ற பிறகும் குழாயில் அழுத்தம் இருக்கும். பம்பின் பியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, அதன் பிறகே இணைப்பைத் தொட வேண்டும்.

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு இணைப்பின் கீழும் வெள்ளைக் காகிதம் பிடித்து, எஞ்சினை ஓடவிட்டும் அணைத்தும் பார்த்தோம். அணைத்த நிலையில் பார்ப்பதும் அவசியம். டேங்க் நிறைந்திருக்கும்போது உறிஞ்சும் பக்கத்து இணைப்பு கசிந்தால் அப்போதுதான் தெரியும். சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு ரப்பர் படிந்துவிடுவதால் கிளாம்புகளை இன்னொரு முறை இறுக்கினோம். அடுத்த மாதம் பில்டரையும் மறுபடி மாற்றச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக். எத்தனால் பழைய டேங்கின் அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து அதில் அடைத்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.