லயத்து வீட்டில் இரண்டு கோடுகள்

மார்ச் 3
லயத்து வீட்டை, தோட்டத் தொழிலாளர்களின் இந்த வரிசை வீட்டை, காலி செய்வது பற்றிய கடிதம் இன்றும் வரவில்லை. தோட்டத்து எழுத்தர் கிராணியைக் கேட்டால் "மேலிடத்துல இருந்து வரணும்" என்கிறார்.

மார்ச் 4
ஆய்வுக்காக, உலக நிச்சயமின்மைக் குறியீட்டில் மலேசியாவின் எண்களை ஒருவழியாக இறக்கிவிட்டேன். எகானமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் நாடுவாரியாக எழுதும் அறிக்கைகளில் 'அன்செர்ட்டன்' (நிச்சயமற்ற) என்ற சொல்லும் அதன் வடிவங்களும் எத்தனை முறை வருகின்றன என்ற கணக்கு அது. குறியீடு 200 என்றால் மொத்தச் சொற்களில் 0.02 சதவீதம். 10,000 சொல் அறிக்கையில் இரண்டே இரண்டு இடம்! பொருளாதார அறிஞர்கள் பேக்கர், புளூம், டேவிஸ் மூவரும் அமெரிக்காவின் கொள்கை நிச்சயமின்மைக் குறியீட்டுக்குச் செய்ததும் எண்ணுகிற வேலைதான். 10 பெரிய நாளிதழ்கள், 1985 முதல் 2009 வரையிலான சராசரி 100. நேர்மையான அளவுகோல், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எழுதுகிறவர் எங்கே உட்கார்ந்து எழுதுகிறார்? எங்கள் சுங்கை சிப்புட்டில் இல்லை.

மார்ச் 5
கரண்ட் இல்லை.

மார்ச் 7
1998 செப்டம்பர் 2. டாலருக்கு 3.80 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று மாற்று விலையைக் கட்டிய நாள். அதற்கு நெட்டுக்கோடு போட்டால் மூன்றாம் காலாண்டுப் புள்ளியைத் தாண்டி விழுகிறது. நான் வரைபடம் போடும் ஆர் மென்பொருள் அந்தப் புள்ளியை ஜூலை 1இல் வைத்திருக்கிறது. புள்ளிகளை நேராக இணைக்கும் ஜியோம்_லைனை எடுத்துவிட்டு, படிபோல் வரையும் ஜியோம்_ஸ்டெப் கொடுத்தேன். இப்போது காலாண்டு முழுக்க ஒரே மட்டம், நாளும் அதற்குள் வந்துவிட்டது.

அப்பா எட்டிப் பார்த்தார். "தொண்ணூத்தெட்டா? அப்ப செம்பனைப் பழத்துக்கு நல்ல விலைம்மா. கஷ்டம் அப்புறந்தான்."

மார்ச் 8
உலக வங்கியின் மாத விலைப் பட்டியலில் பாமாயிலை எடுத்துக் கீழே தனிக் கட்டமாக வைத்தேன். (ஒரே படத்தில் இரண்டு அச்சு வேண்டாம். அளவை இழுத்தால் எந்த இரண்டு கோட்டையும் ஒட்டவைத்துவிடலாம்.) அப்பா சொன்னது அப்படியே இருக்கிறது. 1998இல் வெள்ளி விழுந்து கிடக்க, எண்ணெய் விலை உச்சத்தில். 2001இல் டன் 300 டாலருக்கும் கீழே, 98இன் பாதிகூட இல்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது அந்த வருடம்தான். நகரத்துக்கு ஒரு நெருக்கடி, நமக்கு வேறொன்று.

மார்ச் 9
மேல் லயத்தில் இரண்டு வீட்டுக்குக் கடிதம் வந்துவிட்டதாம். பாத்திரங்களைக் கட்டவா வேண்டாமா என்று அம்மா கேட்கிறார். நான் என்ன சொல்ல?

மார்ச் 11
2020 பிப்ரவரி 24 பிரதமர் மகாதீர் பதவி விலகினார். மார்ச் 18 கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. இரண்டும் ஒரே காலாண்டு. எண் ஏறினால் அரசியலாலா நோயாலா என்று எப்படிப் பிரிப்பது? அமெரிக்காவுக்குத் தினசரிக் குறியீடே இருக்கிறது. நான் இறக்கிய மலேசிய எண்களில் மூன்று மாதத்துக்கு ஒரு படி. அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு குடும்பத்துக்கு என்னவெல்லாம் நடந்துவிடும்!

மார்ச் 12
கீழ்க் கட்டத்தை நீக்கச் சொல்கிறார் ஆய்வு மேற்பார்வையாளர். நீக்க மாட்டேன்.

மார்ச் 14
தமிழ்த் தலைப்பில் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஆர் மென்பொருளின் ராக் தொகுப்பு வழியாகச் சேமித்தபின் சேர்ந்து வந்தது. அப்பாவுக்கு ஒரு படி தனியாக எடுக்க வேண்டும், எழுத்தைப் பெரிதாக்கி. 2001க்குப் பக்கத்தில் என்ன எழுதலாம் என்று அவரையே கேட்க வேண்டும்.