நயினாதீவுக் கல்லும் அல்லைப்பிட்டி ஓடும்

பெரியம்மாவுக்கு நயினாதீவு நாகபூசணி அம்மாளிடம் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. எனக்கு அந்தக் கோயிலில் இருக்கும் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டைப் பார்க்கும் விருப்பம் நெடுநாளாக இருந்தது. உயர்திருவிழா முடிந்து சனக்கூட்டம் குறைந்த பின்னர், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்திலிருந்து குறிகட்டுவான் பேருந்தில் ஏறினோம்.

பேருந்து பண்ணைப் பாலத்துக்குத் திரும்பும்போது கோட்டை இடப்பக்கமோ வலப்பக்கமோ என்று பார்க்காமல் கண் தானாகவே அதைத் தேடிக்கொள்ளும். போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாகத் திருத்திக் கட்டிய கோட்டை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் அதனுள்ளிருந்து இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்திருக்கிறது என்பதையும், அங்கு நடந்த அகழாய்வுகளில் போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய மட்பாண்டங்கள் வெளிவந்தன என்பதையும் பின்னரே அறிந்தேன். அந்த இறங்குதுறைக்குக் கோட்டையைவிட வயது அதிகம்.

பாலத்தைக் கடந்தால் இருபுறமும் ஆழமற்ற பரவைக்கடல். களங்கண்டி வலைகளின் தடிகள் தண்ணீரில் வரிசையாக நிற்க, கொக்குகள் முழங்காலளவு நீரில் நடந்து திரிந்தன. மண்டைதீவுச் சந்தியைத் தாண்டி அல்லைப்பிட்டிக்குள் நுழைந்தபோது பெரியம்மா கண்ணயர்ந்துவிட்டார். நான் யன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பனையும் மணலும் வேலியுமாகத் தெரியும் இந்த ஊரில், 1977இல் ஜோன் காஸ்வெல் என்ற ஆய்வாளர் அகழ்ந்தபோது, சீனத்தில் சொங் வம்சம் ஆண்ட காலத்துப் பாண்ட ஓடுகள் பெருமளவில் கிடைத்தன. 2018இல் சாங்காய் அருங்காட்சியகத்திலிருந்து வந்த குழுவினரும் இங்கே தோண்டினார்கள். அரண்மனைக்கென்று செய்த மெல்லிய அழகுக் கலங்களை எதிர்பார்த்துப் போகிறவருக்கு இங்கு கிடைத்தவற்றுட் பெரும்பகுதி ஏமாற்றமாக இருக்கக்கூடும்; குவாங்டொங், பூஜியன் சூளைகளில் ஏற்றுமதிக்காகத் தொகையாகச் சுட்ட கிண்ணங்களும், சரக்கு அடைத்து வரும் சாடிகளுமே அதிகம். எனக்கு அவையே பெரிதாகத் தோன்றுகின்றன. ஓர் அரசனுக்கு வந்த பரிசென்றால் ஒன்றிரண்டு கலங்கள் போதும்; சாதாரணக் கிண்ணங்கள் இத்தனை வந்து இறங்கியிருக்கின்றன என்றால், அங்கே கணக்கெழுதுபவரும், சுமை தூக்குபவரும், அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்த வணிகரும் இருந்திருக்க வேண்டும்.

இந்த ஓடுகளின் காலம் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை என்று கணித்திருக்கிறார்கள். நான் பார்க்கப் போன கல்வெட்டு அதற்குச் சில பத்தாண்டுகள் பிந்தியது. இரண்டையும் ஒரே நாளில் நடந்தவை போலச் சேர்த்துப் பேசுவது பிழை. ஆனாலும் கலங்கள் வந்து இறங்கிய கரையும் கல்வெட்டுப் பேசும் துறைமுகமும் ஒரே தீவின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. ஊர்காவற்றுறைதான் அந்தத் துறைமுகம்; அன்றைய பெயர் ஊராத்துறை.

வேலணையும் புங்குடுதீவும் கடந்து குறிகட்டுவானில் இறங்கியபோது சோளகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. லோஞ்சில் நெருக்கியடித்து அமர்ந்தோம். கால் மணி நேரப் பயணந்தான் என்றாலும், அலை பக்கவாட்டில் மோதியபோது பெரியம்மா என் கையை இறுகப் பற்றிக்கொண்டு "அம்மாளே, அம்மாளே" என்று முணுமுணுத்தபடியே இருந்தார். கரையிலிருந்து பார்க்கையில் குளம்போலத் தெரியும் இந்தக் கடலில் பாய்க்கப்பல்கள் எப்படி உடைந்திருக்கும் என்ற ஐயம் அப்போது எனக்கு இல்லாமற் போயிற்று.

நேர்த்தியை முடித்து, அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, கோயிலுக்குள் இருக்கும் அந்தக் கல்வெட்டின் முன் நான் நின்றுவிட்டதைப் பெரியம்மா சற்றுநேரம் பொறுத்துக்கொண்டார். பின்னர், "அம்மாளைப் பாக்க வந்தனியோ, கல்லைப் பாக்க வந்தனியோ?" என்று கேட்டார். இரண்டுக்குந்தான் என்றேன்.

அது முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட அந்தச் சிங்கள மன்னன் அதைத் தமிழில் பொறிப்பித்திருக்கிறான். பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர், ஊராத்துறையிலேயே வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். அரசனுக்கென்று யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால், மிஞ்சிய பொருளில் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, அதாவது அரச கருவூலத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த வணிகக் கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. இந்த விதி கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டது என்றும் அதுவே சொல்கிறது.

பெரியம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி என்னையும் நிறுத்தியது: "உடைஞ்சு போனவனிட்டையும் பாதி வாங்கிறதோ?" கடுமையாகத்தான் படுகிறது. எனினும் அக்காலத்துப் பல கரைகளில், ஒதுங்கிய கப்பலும் அதிலிருந்த சரக்கும் முழுவதுமாகக் கரையை ஆள்பவனுக்கே போகும் வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்தோடு ஒப்பிட்டால், எல்லாம் இழந்து நீந்திக் கரையேறிய ஒருவன், "பாதி என்னுடையது, கல்லில் எழுதியிருக்கிறது" என்று வாதாட இந்த ஆணை இடம் கொடுத்தது. அவன் வாசிக்கக்கூடிய மொழியில், அல்லது அவனுடைய மொழிபெயர்ப்பாளனான துபாசி வாசிக்கக்கூடிய மொழியில் எழுதினால்தானே அது பயன்படும்? கடல்வழி வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இந்த வட்டாரத்தில் வேறொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

யானைக்கும் குதிரைக்கும் மட்டும் ஏன் இந்தச் சலுகை என்பதற்கும் விடை தேடலாம். யானை வணிகம் பற்றி எழுந்த பிணக்குகளால் பராக்கிரமபாகு பர்மாவுக்குக் கப்பற்படை அனுப்பியதைச் சூளவம்சம் என்ற பாளி வரலாற்று நூல் கூறுகிறது. தமிழ்நாட்டுத் திருவாலங்காட்டில் உள்ள சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டோ, இதே பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களில் படையைத் திரட்டிக் கப்பல்களும் கட்டத் தொடங்கியதையும், சோழர் தரப்பு அவ்விடங்களைத் தாக்கி அழித்து யானைகளைப் பிடித்துச் சென்றதையும் சொல்கிறது. நயினாதீவுக் கல்லை மட்டும் வாசித்தால் ஊராத்துறை ஒரு வணிகத்துறை. திருவாலங்காட்டையும் சேர்த்து வாசித்தால் அதே துறை போருக்கான கப்பற்பட்டறையும் ஆகிறது. வணிகருக்குக் காவல் தருவதாகச் சொன்ன இடம் இப்படியும் அழிந்திருக்கிறது.

பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர்; 1788இல் அது மீண்டும் கட்டப்பட்டது. இந்தக் கல் எத்தனை கைகளைத் தாண்டி மிஞ்சியது என்று எண்ணியபடி, எழுத்துகளைத் தொடாமல் சற்றுத் தள்ளியே நின்றேன். தொட்டுத் தொட்டே தேய்ந்த கல்வெட்டுகளை நான் வேறு கோயில்களில் கண்டிருக்கிறேன்.

அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானச் சோறு உண்டபின் பிற்பகல் லோஞ்சில் திரும்பினோம். காற்று இன்னும் தணியவில்லை. படகோட்டியிடம், இங்கே கப்பல் தட்டும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் வாயால் விடை சொல்லாமல், தண்ணீரில் ஊன்றியிருந்த தடிகளை ஒவ்வொன்றாகக் கையால் காட்டினார். "அதுக்கு அங்காலை போனால் தட்டும்" என்றார். கரையில் இருக்கும்போது வெறும் தடிகளாகத் தெரிந்தவற்றுக்கு இடையே, வேகத்தைக் குறைத்து, லோஞ்சை மெல்லத் திருப்பினார். பெரியம்மா இம்முறை கண்ணை மூடவில்லை. அவரும் தடிகளை எண்ணிக்கொண்டு வந்தார்.