பணத்தின் தடமும் 90 நாள் கெடுவும்

குழந்தைகளைச் சீரழித்துப் படமெடுத்து இணையத்தில் விற்பவர்கள் பெயரை மாற்றுவார்கள், முகத்தை மறைப்பார்கள். காசை மட்டும் எங்காவது ஓர் இடத்தில் வாங்கித்தான் ஆக வேண்டும். அதனால்தான் இந்த வழக்குகளில் வருமான வரி அதிகாரிகளும் வங்கிக் கண்காணிப்பாளர்களும் போலீஸுக்குச் சமமாக வேலை செய்கிறார்கள்.

தென் கொரியாவிலிருந்து 2015 முதல் 2018 வரை டார்க்நெட்டில் (சாதாரண உலாவியில் திறக்க முடியாத மறைவான இணையத்தில்) நடந்த 'வெல்கம் டு வீடியோ' தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்காயினில் கட்டினால் யாருக்கும் தெரியாது என்று நம்பித்தான் அதில் சேர்ந்தார்கள். ஆனால் பிட்காயின் கைமாறும் ஒவ்வொரு முறையும் எவரும் பார்க்கக்கூடிய ஒரு பேரேட்டில் அழியாமல் பதிவாகிவிடும். அமெரிக்க வருமான வரித் துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு அந்தப் பேரேட்டைப் பின்தொடர்ந்து, பணம் எந்தெந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து (பிட்காயினை வாங்கி விற்கும் நிறுவனத்திலிருந்து) கிளம்பியது என்று பிடித்தது. எக்ஸ்சேஞ்சில் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி உண்டு; சட்டப்படி கேட்டதும் பெயரும் முகவரியும் வந்துவிட்டன. 2018 மார்ச்சில் கொரியப் போலீஸ், அமெரிக்க, பிரிட்டன் அதிகாரிகளோடு சேர்ந்து, தளத்தை நடத்தியவரின் வீட்டிலேயே சர்வரைக் கைப்பற்றியது. உள்ளே சுமார் 8 டெராபைட், 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடியோக்கள். 2019 அக்டோபரில் வெளியான கணக்குப்படி 38 நாடுகளில் 337 பேர் கைது. அமெரிக்கா, ஸ்பெயின், பிரிட்டனில் அப்போதும் கொடுமை அனுபவித்துக்கொண்டிருந்த 23 குழந்தைகளாவது மீட்கப்பட்டார்கள். எனக்கு இந்த வழக்கில் முக்கியமான எண் அந்த 23தான்.

தண்டனை என்று வரும்போது ஒத்துழைப்பு சறுக்கியது. தளத்தை நடத்தியவருக்குக் கொரிய நீதிமன்றம் கொடுத்தது 18 மாதம். அவரை ஒப்படைக்கும்படி அமெரிக்கா கேட்டதை 2020 ஜூலையில் சியோல் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தத் தளத்திலிருந்து படம் இறக்கிய சில அமெரிக்கர்களுக்கு இதைவிடப் பல மடங்கு சிறை. இது நியாயமே இல்லை.

பிட்காயின் இல்லாத இடத்தில் சாதாரண வங்கிப் பணப்பரிமாற்றமே காட்டிக்கொடுக்கிறது. பிலிப்பைன்ஸில் நேரலையில் நடக்கும் கொடுமைக்கு வெளிநாட்டிலிருந்து சின்னச் சின்னத் தொகையாகத்தான் பணம் போகும். உறவோ தொழிலோ இல்லாத பலருக்கு, ஒரே ஆள், அடிக்கடி அனுப்புவார். கவனிக்க வேண்டியது இந்த வரிசையை. தொகையின் அளவை மட்டும் பார்த்தால் கோட்டை விடுவோம். இத்தகைய பரிமாற்றங்களை உரியபடி ஆராயாததும் சேர்ந்துதான் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட்பேக் வங்கி 2020இல் 130 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டியது.

உண்மையான எதிரி காலதாமதம். ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் முறைப்படி ஆதாரம் கேட்டுப் பெற மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் லாக், அதாவது யார் எப்போது இணைந்தார்கள் என்று நிறுவனங்கள் வைத்திருக்கும் பதிவு, அழிந்துவிடும். அதனால்தான் சைபர் குற்றங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான புடாபெஸ்ட் உடன்படிக்கை, முதலில் தரவை 90 நாள் வரை அழிக்காமல் வைக்கச் சொல்லிவிட்டுப் பிறகு காகித வேலையைப் பார்க்க வழிசெய்கிறது. அவசரத்துக்கு ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் 24 மணி நேரத் தொடர்பு மையம் உண்டு. இலங்கை 2015இல் சேர்ந்துவிட்டது. இந்தியா இன்னும் சேரவில்லை.

கிடைத்த லாக்கிலும் கோளாறு வரும். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபி முகவரியை (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை) ஒரே நேரத்தில் பலர் பகிர்கிறார்கள். அவர்களின் இணைப்புகளைத் தனித்தனியாகக் காட்டும் போர்ட் எண்ணும், நொடி வரை நேரமும் இல்லாவிட்டால் ஆளைப் பிரித்தறிய முடியாது. நேரம் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட மறந்தால், போலீஸ் சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டும்.

இந்தியாவுக்குத் துப்பு வரும் முக்கிய வழி, காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்காவின் என்சிஎம்இசி அமைப்போடு தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2019இல் செய்த ஒப்பந்தம். இன்ஸ்டாகிராம், கூகுள் போன்றவை தங்கள் தளத்தில் கண்டுபிடித்த இத்தகைய படங்களை என்சிஎம்இசிக்குச் சொல்ல, அது இங்கே வந்து மாநிலப் போலீஸுக்குப் போகிறது.

அந்தரங்கப் படத்தை வைத்து ஒரு பிள்ளையை மிரட்டிப் பணம் கேட்டால் கட்டாதீர்கள். கட்டினால் மறுபடியும் கேட்பான். பிள்ளையைத் திட்டாதீர்கள், திட்டினால் மிச்சத்தைச் சொல்ல மாட்டான். சாட் உரையாடலை அழிக்க வேண்டாம். மிரட்டியவனின் பெயரை அவன் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் புரொஃபைல் லிங்க்கை எடுத்து வையுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் அந்தப் பரிமாற்றத்தைக் குறிக்கும் யுடிஆர் எண்ணும், பணம் போன யுபிஐ ஐடியும் வேண்டும். அந்தப் படத்தை 'ஆதாரத்துக்கு' என்று யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி-யின்படி அதுவே குற்றமாகலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். குழந்தைக்கு உடனடி உதவி வேண்டுமென்றால் 1098. படம் பரவாமல் தடுக்க என்சிஎம்இசியின் 'டேக் இட் டவுன்' சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் ஹாஷ், அதாவது படத்திலிருந்து கணக்கிட்ட டிஜிட்டல் கைரேகை, மட்டும்தான் போகும்.